கிள்ளாத செயின்

விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிற ஒரு கைக்கடிகாரக் கடையில் எனக்கு வேலை. கீழே எல்லோரும் வாங்குகிற கடிகாரங்கள். மாடியில், ஏசி போட்ட சின்ன அறையில், விலை உயர்ந்த வெளிநாட்டுக் கடிகாரங்கள். விற்பது முதலாளியின் வேலை. வாங்கியவரின் கைக்குச் சரியாகச் செயினை அளவு பண்ணிக் கொடுப்பது என் வேலை. கடிகாரத்தின் உலோகப் பட்டையை எங்கள் பக்கத்தில் செயின் என்றுதான் சொல்வோம். அதில் கோத்திருக்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு கண்ணி. மணிக்கட்டின் அடிப்பக்கத்தில் மடிந்து பூட்டிக்கொள்வது லாக்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அக்கா ஐந்தாம் வகுப்பு வரை போனாள், ஆனால் அதை அவள் சேர்த்துக்கொள்வதில்லை. நான் டிப்ளமோ முடித்துக் கடையில் சேர்ந்ததும் சென்னைக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் நாள் வெல்வெட் தட்டில் ஒரு கடிகாரத்தை வைத்து அதன் விலையைச் சொன்னபோது, மேசைமேல் இருந்த கையைக் கீழே இழுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டையும் பக்கத்து வீட்டையும் சேர்த்து விற்றாலும் அந்தத் தொகை வராது.

அதைவிடப் பெரிய திகைப்பு இரண்டாம் நாள் வந்தது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கியவர்கள் அதைக் கட்டாமல் பீரோவில் வைத்துவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அரைக் கண்ணி நீளம்தானாம். மணிக்கட்டு காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு. வெயிலில் உப்பும். கருவாடு தின்ற மறுநாள் உப்பும். அதற்காகவே நல்ல லாக்குக்குள் சின்னப் பற்கள் வைத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தி நகர்த்தினால், ஸ்குரூடிரைவர் எதுவும் இல்லாமலே செயின் கொஞ்சம் இளகும். மனிதனுடைய கை சித்திரை வெயிலில் உப்புமே என்று எங்கோ பனிபெய்கிற ஊரில் ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். என்னால் நம்பவே முடியவில்லை. அம்மா ஆட்டுக்குக் கழுத்துக் கயிறு கட்டும்போது இரண்டு விரல் விட்டுக் கட்டுவாள். இங்கே சுண்டு விரல் நுழைய வேண்டும் என்றார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

கண்ணிகளை ஒரே பக்கத்தில் கழற்றினால் லாக் ஓரமாகப் போய் எலும்பில் இடிக்கும். இரண்டு பக்கமும் பார்த்துக் கழற்ற வேண்டும். கழற்றியதைத் தூக்கிப் போடக் கூடாது. சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் கை மாறும். இதெல்லாம் அங்கே கற்றது. நானாக வைத்துக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. செயினைக் கட்டிவிட்டுப் பத்து நிமிடம் நடக்கச் சொல்வேன். கையைத் தொங்கப் போடுங்கள், முஷ்டி பிடியுங்கள், போன் பேசுங்கள் என்பேன். அப்புறம், "கிள்ளுதா சார்?" என்று கேட்பேன். "கட்டியிருக்கறதே தெரியலப்பா" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவாது.

அந்த வார்த்தையை நான் கேட்டதிலேயே மோசமான நாளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவுக்குத் திண்டிவனத்தில் மாப்பிள்ளை அமைந்தது. மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், எடை போடுகிறவர். மூட்டையும் தூக்குவார். வாய் ஓயாமல் பேசுவார். பெண் பார்க்க வந்த அன்றே என்னை "மச்சான்" என்று கூப்பிட்டுவிட்டார். நானும் "மாமா" என்றேன். எங்கள் வழக்கப்படி தாலி கட்டி முடிந்ததும் பெண்ணின் உடன்பிறந்தவன் மேடையேறி மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டு வாட்ச் கட்டுவான். மச்சான் கட்டுகிற வாட்சைச் சொந்தக்காரர்கள் ஒரு வருடத்துக்குப் பேசுவார்கள். அதிலும் நான் வாட்ச் கடையில் வேலை செய்கிறவன். அக்கா ஒருநாள் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே, "மேடையில கட்டறப்ப வளையலாட்டம் தொங்கக்கூடாது, இறுக்கிக்கினும் நிக்கக்கூடாது. அது உன் பொறுப்பு" என்றாள். வயலில் நட்டும் களையெடுத்தும் என்னைப் படிக்க வைத்தவள், அப்புறம் தையல் கற்றுக்கொண்டவள். ரவிக்கையில் அரை அங்குலம் கூடினாலும் பிரித்துவிட்டுத் தைப்பவள்.

முதலாளியிடம் கேட்டேன். மாடி ஷோகேஸில் இரண்டு வருடமாக வெயில் பட்டு, டயலின் நீலம் லேசாக வெளுத்த ஒரு கடிகாரம் இருந்தது. பெட்டியும் அடிபட்டிருந்தது. வேலை செய்கிற ஆளுக்கென்று விலை குறைத்துக் கொடுத்தார். அதன் செயின்தான் எனக்கு உயிர். கண்ணியின் ஓரமெல்லாம் உருட்டி விட்டிருப்பார்கள். கையில் ஒரு ரோமத்தைக்கூடப் பிடிக்காது.

கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. மாமாவைச் சாயங்காலம் நான்கு மணிக்குக் கடைக்கு வரச் சொன்னேன். அந்த நேரத்தில்தான் கை அதன் முழு அளவில் இருக்கும்.

"இன்னா மச்சான், ஏசி ரூம்ல குந்த வெச்சிட்ட. கெளம்பறப்ப காத்துக்கும் பில்லு போட்டுடுவியா?"

"குந்துங்க மாமா. இடது கைய நீட்டுங்க."

அவர் கட்டியிருந்த ரெக்சின் பட்டை வாட்சைக் கழற்றினேன். அடியில் வெளுப்பாகத் தடம் இருந்தது. கறுத்த கையில் அது பளிச்சென்று தெரிந்தது. நாள்தோறும் பார்ப்பதுதான்.

"தடம் நல்லா விழுந்திருக்கு மாமா. வாட்ச் பழகின கை."

"பத்து வருசமா கட்டறேன் மச்சான். குளிக்கறப்ப மட்டுந்தான் கழட்டுவேன்."

இதைத் திரும்பவும் சொல்ல வேண்டும்: நான் அந்தத் தடத்தைப் பார்த்தேன். கையில் எடுத்து, விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பாராட்டினேன்.

மூன்று கண்ணி கழற்றினேன். அவருடைய கை மூட்டை தூக்குகிறவர் கையைப் போல இல்லாமல் மெலிந்திருந்தது. லாக்கை மூடினேன். நல்ல காரின் கதவு சாத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் எழுந்து அறைக்குள் நடந்தார். ஜன்னல் கண்ணாடி வழியாகப் பேருந்துகளைப் பார்த்தார். கையை உயர்த்திப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினார். "உங்கக்கா 'வாட்ச் ஓகே, ஆளு சுமார்'னு போட்டுக்கிது பாரு" என்று போனைக் காட்டினார்.

பத்து நிமிடம் ஆயிற்று.

"கிள்ளுதா மாமா?"

"சத்தியமா மச்சான், கட்டியிருக்கறதே தெரியல."

எனக்கு அவ்வளவு பெருமை. மேடையில் எல்லோர் முன்னாலும் இதையே சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே லாக்கைத் திறந்தேன்.

லாக்கின் இரண்டு தகடுகளுக்கு நடுவில் அவருடைய தோல் ஒரு மடிப்பு மாட்டியிருந்தது. நான் மூடியபோதே மாட்டியிருக்கிறது. பத்து நிமிடமாக அது நசுங்கி நீலம் பாரித்திருந்தது. தகட்டின் விளிம்பில் ரத்தம்.

இந்த வேலையில் தோல் மாட்டுவது புதிதில்லை. எனக்கே மாட்டியிருக்கிறது, கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஒருமுறை வீடு கட்டித் தரும் ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு மாட்டியபோது அவர் போட்ட கத்தலில் கீழ்த்தளத்திலிருந்து முதலாளி ஓடி வந்தார். ஒரு நொடிகூடத் தாங்க முடியாத வலி அது. மாமா பத்து நிமிடம் அதோடு நடந்திருக்கிறார், சிரித்திருக்கிறார், படம் எடுத்திருக்கிறார்.

"வலிக்கலயா மாமா?"

"எது?" குனிந்து பார்த்தார். பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "அட, ரத்தம்!"

"தெரியவே இல்லயா?"

"அந்த எடம் எப்பவும் கொஞ்சம் மரமரன்னுதான் மச்சான் இருக்கும். மூட்டை தூக்கற கைதானே. ரெண்டு வருசமா அப்பிடித்தான். எங்கம்மா மேல்மலையனூர் கோயிலு அமாவாசைக்கு இட்டுக்கினு போயி கயிறுகூட கட்டுச்சு. போன மாசம் வண்டி சைலன்ஸர்ல பட்டு பொத்துப்போச்சு, அதுவும் ராத்திரி சட்டைய கழட்டறப்பதான் பாத்தேன்."

அவர் அதை ஒரு வேடிக்கை மாதிரிதான் சொன்னார். நான் அந்தத் தடத்தை மறுபடி பார்த்தேன். வாட்ச் தடம் என்றால் இரண்டு பக்கமும் கோடு போட்ட மாதிரி ஓரம் இருக்கும். ஆயிரம் கைகளில் பார்த்திருக்கிறேன். இவர் கையில் விரல் பக்கத்து ஓரம் மட்டும்தான் நேராக இருந்தது. மேல் பக்கம், கட்டைவிரல் வரிசையில், வெளுப்பு பட்டையைத் தாண்டி முழங்கையை நோக்கி ஏறியிருந்தது. சிந்திய தண்ணீர் பரவியது போல. பட்டையால் பாதி மறைந்ததால், பத்து வருடமாக வாட்ச் கட்டுகிறவர் என்பதால், அதையும் சேர்த்துத் தடம் என்று நினைத்திருக்கிறார்கள். அவரும் அவருடைய அம்மாவும் மட்டுமில்லை. மணிக்கட்டைப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிற நானும்.

நான் படித்த அரசுப் பள்ளியின் சுவரில் மஞ்சள் பூசி எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லும் எழுத்து. வருடத்துக்கு ஒருமுறை சுகாதார நிலையத்திலிருந்து ஒரு அக்கா வந்து எங்களைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வார். நாங்கள் கூச்சத்தில் நெளிந்து சிரிப்போம்.

"மாமா, கண்ண மூடுங்க. தொடற எடத்த விரலால காட்டுங்க."

"இன்னா வெளையாட்டு இது?" என்றார். ஆனால் மூடினார்.

செயினில் தூசி தட்டுகிற மெல்லிய பிரஷ் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் நுனியால் உள்ளங்கையைத் தொட்டேன். உடனே காட்டினார். முழங்கைக்குக் கீழே தொட்டேன். காட்டினார். "கூசுது மச்சான்" என்றார். வெளுப்பில் தொட்டேன். அவர் அசையவில்லை. பிரஷைத் திருப்பி, மரக் கைப்பிடியின் முனையால் அழுத்தினேன். தோல் குழிந்தது. அவர் மூடிய கண்ணோடு, கொஞ்சம் சிரித்த முகத்தோடு காத்துக்கொண்டிருந்தார்.

"தொடு மச்சான். ஏன் நிறுத்திட்ட?"

நான் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்கப்புறம் நான் செய்ததை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. "ஒரு நிமிஷம் மாமா" என்று எழுந்து அறைக்கு வெளியே இருந்த வாஷ்பேசினுக்குப் போனேன். சோப்பு போட்டுக் கையைக் கழுவினேன். மறுபடி கழுவினேன். முழங்கை வரை கழுவினேன். செயின் துடைக்கிற ஸ்பிரிட்டை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தேன். தொட்டால் வராது என்று அதே பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மதிப்பெண் வாங்கியவன் நான். தலை நிமிர்ந்தபோது கண்ணாடியில் எனக்குப் பின்னால் மாமா நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா மச்சான், ஆபரேசனுக்குப் போற டாக்டராட்டம் கழுவிக்கினு கிற?"

நான் குழாயை மூடினேன்.

"எனக்கு இன்னாது?" என்றார்.

சொன்னேன். தொழுநோயாக இருக்கலாம் என்றுதான் சொன்னேன். டாக்டர் பார்க்க வேண்டும், மாத்திரையில் சரியாகிவிடும் என்றேன். அவர் காதில் முதல் வார்த்தைதான் விழுந்தது.

"குஷ்டமா?"

அறைக்குள் வந்து, மேசையிலிருந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். கீழேயிருந்து டீ வந்தது. எங்கள் கடையில் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ்தான். நான் நீட்டியதை அவர் வாங்கவில்லை.

"எனக்கு பேப்பர் கப்புல குடு மச்சான்."

நான் கை கழுவியதற்கு அவர் கொடுத்த பதில் அது. அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. என் கிளாஸையும் அவருடைய கிளாஸையும் மேசைமேல் வைத்தேன். இரண்டும் ஆறிப்போயின.

கிளம்பும்போது, "உங்கக்காகிட்ட சொல்லிடாத. டாக்டரு சொல்லட்டும், அப்பறம் நானே சொல்றேன்" என்றார். அந்த வாட்சை நான்தான் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் திண்டிவனம் போனேன். அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கி வரிசையில் நின்றோம். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று மாமா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எங்கள் முறை வந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெண் டாக்டர். பஞ்சைத் திரித்துத் தொட்டுப் பார்த்தார், பேனாவால் தொட்டுப் பார்த்தார், முழங்கைக்குப் பின்னால் அழுத்தி நரம்பைத் தேடினார். தோலில் கொஞ்சம் சுரண்டி எடுத்து உள்ளே அனுப்பினார்.

"இவ்ளோ நாளா என்ன பண்ணீங்க?"

"வாட்ச் தடம்னு நெனச்சிட்டேன் மேடம்."

"வாட்ச் தடம் இப்பிடியா மேல ஏறும்?" என்றவர் என்னைப் பார்த்தார். "நீங்க தம்பியா?"

"பொண்ணோட தம்பி மேடம். இன்னும் பத்தொம்பது நாள்ல இவருக்குக் கல்யாணம்."

"வாட்ச் கடையில இருக்கறான் மேடம், இவன்தான் கண்டுபுடிச்சான்" என்றார் மாமா. அந்த நிலைமையிலும் என்னை விட்டுக்கொடுக்காமல் சொன்னார்.

உள்ளேயிருந்து ரிசல்ட் வந்ததும் டாக்டர் பேனாவை மூடி வைத்தார். தொழுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை என்றார். "ஆறு மாசம் மாத்திரை. ஒரு நாள் விடக்கூடாது. யாருக்கும் ஒட்டாது. கல்யாணம் பண்ணிக்கலாம், புள்ள பெத்துக்கலாம். வீட்ல இருக்கறவங்களையும் ஒரு தடவ கூட்டிக்கினு வந்து காட்டிடுங்க." முதல் வேளையை அங்கேயே, தன் எதிரில் விழுங்கச் சொன்னார்.

"செத்துப்போன எடத்துல திரும்ப தெரிய வருமா மேடம்?" என்று மாமா கேட்டார்.

"வரலாம். வராமலும் போகலாம். இனிமே அந்தக் கைக்குக் கண்ணுதான் காவல். சூடு பட்டுதா, காயம் இருக்கான்னு தினமும் பாத்துக்கணும்."

வெளியே வந்து பேருந்து நிலையத்தில் ஒரு ஓரமாக நின்றோம். சென்னை வண்டிகளும் திருச்சி வண்டிகளும் கத்திக்கொண்டே உள்ளே நுழைந்தன. மாமா அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டார். இரைச்சலில் அவர் பேசியது எனக்குப் பாதிதான் கேட்டது. முகத்தைக் கம்பத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு பேசினார். கடைசியாக, "உனுக்கு எது தோணுதோ அதச் சொல்லு. நான் யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன்" என்றார். போனை என்னிடம் நீட்டினார்.

அக்கா அழுவாள் என்று நினைத்துக் காதில் வைத்தேன்.

"டேய், அவரு கையத் தொட்டுட்டுக் கை கழுவினியாமே?"

மாமா நோயைச் சொன்னதோடு இதையும் சொல்லியிருக்கிறார். புகாராகச் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. உன் தம்பியே அப்படிச் செய்தான், நீ வேண்டாம் என்றால் நான் புரிந்துகொள்வேன் என்று சொல்லியிருக்கிறார்.

"சாணி அள்ளிட்டு வந்து அதே கையால உனுக்கு சோறு ஊட்டியிருக்கேன். அப்பல்லாம் எங்கடா போச்சு உன் சோப்பு? படிச்சியே, அதுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"அக்கா, நான் வந்து..."

"வெய்யி போன."

கல்யாணத்துக்குச் சம்மதமா இல்லையா என்று அவள் சொல்லவில்லை. மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சொல்லுச்சு?" என்றார். "என்னத்தான் திட்டுச்சு மாமா" என்றேன். "அது நல்லதா கெட்டதா?" என்றார். எனக்கும் தெரியவில்லை.

இரண்டு நாள் அக்கா என்னிடம் பேசவில்லை. மாமாவிடமும் பேசவில்லை. தையல் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் எழுந்து வெளியே போனாலே நான் வாசல்வரை போய்ப் பார்ப்பேன். பத்திரிகை கொடுத்த வீடுகளை நினைப்பேன். அப்புறம் பேப்பர் கப் நினைவுக்கு வரும். மூன்றாம் நாள் காலையில் ஒருவரிடமும் சொல்லாமல் எங்கள் ஊருக்குப் பக்கத்து வளவனூரில் பஸ் ஏறி, விழுப்புரத்தில் மாறித் திண்டிவனம் போயிருக்கிறாள். அதே டாக்டரிடம் தானே சீட்டு வாங்கிப் போய் நின்றிருக்கிறாள். "எனக்கு வருமா, பொறக்கற புள்ளைக்கு வருமா, அவரு கை மடங்கிப் போவுமா, ஒண்ணொண்ணா சொல்லுங்க, எனக்குப் படிப்பு கம்மி" என்று கேட்டதாகப் பிறகு சொன்னாள். டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் திரும்பி வந்து அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்து அவளே சொன்னாள். அப்பா எழுந்துபோய் ஏற்கெனவே கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். அம்மா அழுதாள்.

"ஊருக்குத் தெரிஞ்சா இன்னாடி ஆவும்?"

"ஊருக்கா கழுத்த நீட்டப் போறேன்?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். மூன்று நாளைக்குப் பிறகு அன்றுதான் என் முகத்தைப் பார்த்தாள். என்னைத் தூக்கிவாரிப் போட்டது அவள் சொன்ன வார்த்தை.

"அந்தச் செயின வலது கைக்கு அளவு பண்ணு."

"வலது கைக்கா?"

"இடது கையில கிள்ளினா அவருக்குத் தெரியாது இல்ல? தெரியற கையில கட்டு."

மூன்று மாதப் பயிற்சி, ஆயிரம் மணிக்கட்டு, அரைக் கண்ணி, கால் கண்ணி எல்லாம் தெரிந்த எனக்கு அது தோன்றவே இல்லை. உறுத்தாமல் இருப்பதுதான் நல்ல செயின் என்று படித்திருந்தேன். உறுத்தினால் தெரிந்துகொள்கிற கை முதலில் வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

மறுநாளே திண்டிவனத்துக்குப் போனேன். மண்டியில் மல்லாட்டைத் தூசி பறந்துகொண்டிருந்தது. மாமா இடது கையில் துணி உறை போட்டுக்கொண்டு எடைமேடைப் பக்கம் நின்றிருந்தார். அக்கா தைத்துக் கொடுத்து அனுப்பியது இல்லை அது. அவரே கடையில் வாங்கியிருக்கிறார்.

"வலது கைய நீட்டுங்க மாமா. அக்கா சொல்லுச்சு."

அவர் நீட்டவில்லை. "இன்னா சொல்லுச்சு?" என்றார். அவருக்கு இன்னும் பதில் போகவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா அந்தப் பதிலைச் சொல்ல என்னைத்தான் அனுப்பியிருக்கிறாள்.

"வாட்ச் வலது கைக்கு அளவு எடுக்கச் சொல்லுச்சு மாமா. கல்யாணத்துக்கு."

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்தார். "தூசிடா பேஜாரு" என்றார். நான் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். இடது கையையும். பிறகு வலது மணிக்கட்டில் அளவு நாடாவைச் சுற்றினேன். மூட்டை பிடிக்கிற கை அதுதான். இடது கையைவிடத் தடித்திருந்தது. உறையில் போட்டு வைத்திருந்த மூன்று கண்ணிகளில் ஒன்றைத் திரும்பக் கோத்தேன். அன்று மண்டி வாசலில் இருவரும் கண்ணாடி கிளாஸில் டீ குடித்தோம். கை கழுவவில்லை. அதைச் சாதனை போல இங்கே எழுதுவதற்கும் எனக்கு வெட்கம்தான்.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மோதிரம் போட்டேன். பெட்டியைத் திறந்து வாட்சை எடுத்தேன். மாமா வலது கையை நீட்டினார். அதில் காலையில் கட்டிய மஞ்சள் காப்புக் கயிறு இருந்தது.

கீழேயிருந்து ஒரு பெரியப்பா குரல் கொடுத்தார். "டேய் தம்பி, லெஃப்ட்ல கட்டுடா! வாட்ச் கடையில வேல செய்யறான், எந்தக் கையின்னு தெரியல பாரு!"

மண்டபமே சிரித்தது. "ஜல்தியா கட்டுப்பா, பந்திக்கு நேரமாவுது" என்று இன்னொருவர். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தலை குனிந்தபடியே, உதடு அசையாமல், "நீ கட்டு" என்றாள்.

காப்புக்கு மேலே செயினை விட்டு, அடியில் தோலைப் பார்த்துக்கொண்டு, லாக்கை மூடினேன். அதே சத்தம்.

"கிள்ளுதா மாமா?"

"கிள்ளுது மச்சான்!"

பதறிப்போய்த் திறந்தேன். ரத்தம் இல்லை. காப்புக் கயிற்றின் நுனி லாக்குக்குள் மாட்டி, கையின் ரோமத்தைச் சேர்த்து இழுத்திருந்தது. அவ்வளவுதான். கயிற்றை விலக்கினேன். மண்டபத்து வெக்கையில் கை கொஞ்சம் உப்பியிருந்தது. பொத்தானை அழுத்தி ஒரு பல் இளக்கினேன். சுண்டு விரலை விட்டுப் பார்த்தேன். நுழைந்தது.

"இப்ப?"

"இப்ப இல்ல" என்றார் மாமா. அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, வாட்ச் அவ்வளவு பிடித்துவிட்டது போல என்று கீழே யாரோ சொன்னார்கள்.

ஆறு மாத மாத்திரை முடிந்துவிட்டது. வீட்டிலிருந்த எல்லோரையும் டாக்டர் பார்த்துவிட்டார், யாருக்கும் இல்லை. வெளுப்பு குறைந்திருக்கிறது. அந்த இடத்தில் உணர்ச்சி இன்னும் திரும்பவில்லை. இதை எழுதட்டுமா என்று மாமாவிடம் கேட்டபோது, "எழுது மச்சான். பேரு மட்டும் போடாத. பேப்பர் கப்பு மேட்டரையும் எழுது" என்றார்.

தினமும் சாயங்காலம் அவர் மண்டியிலிருந்து வந்ததும் அக்கா அவருடைய இடது கையை விளக்குக்குக் கீழே இழுத்து வைத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறாள். நானும் கடையில் இப்போது "கிள்ளுதா?" என்று கேட்பதோடு விடுவதில்லை. லாக்கைத் திறந்து, அடியில் இருக்கிற தோலைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.